வேகத்துக்கு இட்ட வேலி

விஞ்ஞான வரலாற்றில் வேகத்தை மிகுவித்தவர்களைப் பற்றியே நாம் பெரிதும் கேட்டிருக்கிறோம். வேகத்தை வேண்டுமென்றே தடுத்த விதி ஒன்றும் அவ்வரலாற்றில் உண்டு. அதனை இன்று காண்போம்.

'வைஃபை' என்று நாம் வழங்கும் கம்பியில்லா வலையமைப்புக்கு விதி வகுப்பது ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் சங்கம். 1997-இல் அது வெளியிட்ட முதல் தரவிதியின்படி, செய்தி செல்லும் உச்ச வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். அதாவது இருபது லட்சம் செய்தித் துணுக்குகள். 2003-க்குள் அது 54 மெகாபிட்டாக உயர்ந்தது.

கம்பி வழிச் செய்தியைத் திருடக் கம்பியைத் தொடவேண்டும். காற்றில் செல்லும் செய்தியோ அண்டை வீட்டுக்கும் எட்டும். ஆதலின் முதல் தரவிதியிலேயே 'வெப்' என்னும் மறையீட்டு முறை இடம்பெற்றது. ஆனால் 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர், அதற்கு அடிப்படையான ஆர்.சி.4 முறை அங்குக் கையாளப்பட்ட விதத்தில் பெருங்குறை இருப்பதைக் காட்டினர். காற்றில் வரும் செய்திகளைப் போதிய அளவு திரட்டியவன், இரகசியத் திறவுகோலைக் கணக்கிட்டே அறியலாம் என்றாயிற்று.

விற்றுப்போன கருவிகளை என் செய்வது? அவற்றிலேயே மென்பொருள் மாற்றத்தால் இயங்கத்தக்க டி.கே.ஐ.பி. என்னும் இடைக்கால முறை 2003-இல் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஏ.இ.எஸ். என்னும் வலிய மறையீட்டைக் கொண்ட முறையும் தரவிதியில் சேர்ந்தது. எனினும் இடைக்கால ஏற்பாடு எளிதில் அகலவில்லை. 2008-இல் பெக், டெவ்ஸ் என்னும் இருவர் அதனிலும் குறை கண்டனர்.

2009-இல் வினாடிக்கு 600 மெகாபிட் வரை செல்லவல்ல புதிய தரவிதி வெளியாயிற்று. அதில்தான் அந்த வேலி இடப்பட்டது. வெப், டி.கே.ஐ.பி. ஆகிய பழைய முறைகளோடு புதிய வேகங்களைக் கையாளலாகாது என்பதே விதி. புதிய கருவியை வாங்கிப் பழைய மறையீட்டையே வைத்திருந்தவர் 54 மெகாபிட்டைத் தாண்ட இயலவில்லை. கருவி பழுதென்று அவர் ஐயுற்றிருக்கலாம். அது பழுதன்று, விதியின் விளைவு. மறையீட்டு அமைப்பை மாற்றினால் தடை நீங்கும்.

இது முறையா என்று நீங்கள் வினவலாம். ஏ.இ.எஸ். அறியாத பழைய கருவியை வைத்திருந்தவருக்கு இவ்விதி இடர் தந்ததும் உண்மையே. ஆயினும் அவருடைய பழைய வேகத்தை எவரும் பறிக்கவில்லை. புதிய வேகத்தை வேண்டினோரிடம் மட்டும் காவல் கேட்கப்பட்டது. பாதுகாப்பு கண்ணுக்குத் தெரியாதது; வேகம் உடனே உணரப்படுவது. ஒன்றை மற்றொன்றோடு பிணைத்த அப்பொறியாளர்கள், மனித இயல்பையும் கணக்கில் கொண்டே விதி வகுத்தனர் எனலாம்.