ஆங்கிலம் கற்பிக்க எந்த ஊர்?

யாழ்ப்பாணத்தில் அரச பாடசாலையொன்றில் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றும் என் மருமகள் அண்மையில் என் முன்னால் ஒரு பட்டியலை வைத்தாள். மாலைதீவு, ஓமான், தாய்லாந்து, வியட்நாம் என நான்கு நாடுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதச் சம்பளம், வீட்டு வாடகைக் கொடுப்பனவு, விமானச் சீட்டு பற்றிய விபரங்கள். "மாமா, நீங்கள் பேப்பரிலை இருந்து உலகத்தைப் பார்த்த ஆள். எந்த நாட்டுக்குப் போனால் நல்லது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடுகளில் தொழில் புரியலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் பின்னர் இத்தகைய பட்டியல்கள் பல வீடுகளில் எழுதப்பட்டிருக்கும். இது எமக்குப் புதிய விடயமும் அன்று. 1970களிலும் 1980களிலும் எம் ஆசிரியர்கள் பலர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் சென்று கற்பித்தனர். அவர்களும் புறப்படுமுன் இப்படியொரு கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. நாற்பது வயதில் பத்திரிகைத் தொழிலை விட்டு, அறியாத ஒரு நாட்டில் ஆங்கில ஆசிரியரான ஒருவரின் கதை நினைவுக்கு வந்தது. அவர் சென்ற நாடு யப்பான். அவருக்கும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே நாட்டில் ஆங்கிலம் கற்பித்த இன்னொருவர் இருந்தார். இருவரும் தாம் வாழ விரும்பிய இடத்தைத் தாமே தெரிவு செய்தவர்கள். அந்தத் தெரிவுக்கு இருவரும் கொடுத்த விலையை இன்று புறப்படுவோர் அறிந்திருப்பது நல்லது.

சிறையிலிருந்து கற்பித்தவர்

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து யப்பான் அந்நியருக்குக் கதவை மூடிக்கொண்ட நாடு. ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்தனர். ஆகவே அங்கிருந்த அரச மொழிபெயர்ப்பாளர்கள் பரம்பரை பரம்பரையாக ஒல்லாந்த மொழியையே கற்றனர். 1808இல் ஃபேட்டன் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் நாகசாகிக்குள் திடீரென நுழைந்த பின்னரே, ஆங்கிலமும் கற்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. ஆனால் அதைக் கற்பிக்க ஆங்கிலம் பேசி வளர்ந்த எவரும் அங்கிருக்கவில்லை.

அந்த இடத்துக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தவர் ரனால்ட் மக்டொனால்ட். 1824இல் வட அமெரிக்காவின் பசுபிக் கரையில், இன்றைய ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை ஹட்சன் விரிகுடாக் கம்பனியில் பணிபுரிந்த ஸ்கொட்லாந்துக்காரர். தாய் சினூக் என்னும் பூர்வகுடியினரின் தலைவர் ஒருவரின் மகள். தந்தை அவரை ஒரு வங்கியில் வேலைக்கு அமர்த்தினார். அந்த வேலை பிடிக்காத மகன் கடலோடியானார். தாயின் மக்களுக்கும் ஆசியாவின் மக்களுக்கும் பூர்வீகத் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணமும் யப்பானைப் பார்க்கும் ஆசையும் அவரைவிட்டு அகலவில்லை.

1848இல், தாம் பணியாற்றிய திமிங்கில வேட்டைக் கப்பல் வட யப்பானை நெருங்கியபோது ஒரு சிறு படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினார். கப்பல் உடைந்து கரையொதுங்கியவரைப் போலக் காட்டிக்கொள்வதற்காகப் படகைத் தாமே கவிழ்த்தார். றிஷிரித் தீவில் ஐனு மக்கள் அவரைக் கண்டனர். அனுமதியின்றிக் கரையேறிய அந்நியர் என்பதால் கைதியாக நாகசாகிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஒரு கோயில் வளவில் அவரை அடைத்து வைத்தனர். அடைத்து வைத்தவர்களே அவரிடம் பாடம் கேட்கவும் வந்தனர். பதினான்கு மொழிபெயர்ப்பாளர்கள் அவருடைய மாணவர்கள். அவர்கள் ஆங்கிலத்தை உரக்க வாசிப்பார்கள். அவர் மரச்சட்டங்களுக்கு அப்பாலிருந்து உச்சரிப்பைத் திருத்துவார். சம்பளம் இல்லை, வெளியே நடமாடும் உரிமையும் இல்லை. ஏறக்குறைய ஏழு மாதங்கள் இவ்வாறு நடந்தது. 1849 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலான பிரெபிள் வந்து அவரை ஏற்றிச் சென்றது.

மாணவர்களுள் ஒருவரான மொரியாமா எய்னொசுக்கே, 1854இல் அமெரிக்கத் தளபதி பெரி யப்பானைத் திறக்க வைத்த உடன்படிக்கைப் பேச்சுக்களில் தலைமை மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். 1859இல் யொகஹாமாவுக்குச் சென்ற புகுசாவா யுகிச்சி என்ற இளைஞர், தாம் பாடுபட்டுக் கற்ற ஒல்லாந்த மொழி அங்கே பயன்படவில்லை என்று கண்டு மனம் உடைந்து, பின் ஆங்கிலம் கற்க முனைந்தபோது தேடிச் சென்றதும் அந்த மொரியாமாவையே. பணிச்சுமை காரணமாக மொரியாமாவால் அவருக்கு ஒழுங்காகக் கற்பிக்க முடியாமற் போனது வேறு கதை. புகுசாவா பின்னாளில் கெய்யோ பல்கலைக்கழகத்தை நிறுவி நவீன யப்பானின் ஆசான்களுள் ஒருவரானார்.

மக்டொனால்ட் மீண்டும் யப்பானுக்குச் செல்லவில்லை. 1894இல் வாஷிங்டன் மாநிலத்தில் காலமானார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் நூலாக அச்சேறியது 1923இலேயே.

நூறு யென் ஆசிரியர்

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. அந்நியரைச் சிறையிலிட்ட நாடு, அந்நியரைப் பெரும் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. பொறியியலாளர், மருத்துவர், சட்ட அறிஞர், மொழி ஆசிரியர் எனப் பலர் அவ்வாறு வந்தனர். தேவை முடிந்ததும் அவர்களை அனுப்பிவிட்டு, அவர்களிடம் பயின்ற யப்பானியரை அதே பதவிகளில் அமர்த்துவதே அரசின் திட்டம். வந்தவர்கள் ஒப்பந்த விருந்தாளிகள். அந்தப் பெரும் சம்பளம் விருந்தாளிக்கு உரியது.

இந்தச் சூழலில்தான் 1890 ஏப்ரலில் லஃப்காடியோ ஹேர்ன் யொகஹாமாவில் வந்திறங்கினார். 1850இல் கிரேக்கத் தீவொன்றில், ஐரிஷ் இராணுவ மருத்துவருக்கும் கிரேக்கப் பெண்ணுக்கும் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர். பதினாறாம் வயதில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். பத்தொன்பதில் அமெரிக்காவுக்குச் சென்று சின்சினாட்டியில் செய்தியாளரானார். ஆபிரிக்க வம்சாவளிப் பெண்ணொருத்தியை மணந்தமை ஒஹாயோ மாநிலத்தின் அன்றைய சட்டத்துக்கு முரணானது. அதனால் பத்திரிகை வேலை பறிபோனது. பின்னர் நியூ ஓர்லியன்சில் பத்தாண்டுகள், மார்ட்டினிக் தீவில் ஏறக்குறைய ஈராண்டுகள். எழுதிப் பிழைத்தாரே தவிர எங்கும் வேரூன்றவில்லை.

யப்பானுக்கு வந்ததும் ஒரு சஞ்சிகைக்காகவே. வந்த சில நாட்களில் அந்தச் சஞ்சிகையோடு முறித்துக்கொண்டார். கையில் வேலையில்லை. அறிஞர் பசில் ஹோல் சேம்பர்லேன் முதலியோரின் உதவியால் மேற்குக் கரையிலுள்ள மத்சுவே என்ற சிறு பட்டணத்தில் ஆங்கில ஆசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் மாதம் நூறு யென். அந்தப் பட்டணத்தில் அது மிகப் பெரிய தொகை.

மத்சுவேயில் அவருக்கு இரண்டு பேறுகள் வாய்த்தன. ஒருவர் நிஷிதா சென்தாரோ என்ற சக ஆசிரியர். அவர் ஹேர்னுக்கு வழிகாட்டியாகவும் நண்பராகவும் இருந்தார். மற்றவர் கொய்சுமி செத்சு. நொடிந்துபோன சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணான அவரை ஹேர்ன் மணந்தார். செத்சு சொன்ன பழங்கதைகளே பின்னாளில் ஹேர்னுக்குப் பெயர் தேடித்தந்தன. வகுப்பறை அனுபவங்களை 1894இல் வெளியான தமது முதல் யப்பான் நூலில், ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பு என்ற தலைப்பில் ஒரு அத்தியாயமாகவே எழுதினார்.

இவ்வளவு நிறைவு தந்த ஊரை அவர் ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்த நிலையில் விட்டுச் சென்றார். மத்சுவேயின் குளிர் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமமோத்தோவில் இருநூறு யென் கிடைத்தது. மனைவியின் குடும்பத்தவரையும் தாங்க வேண்டியிருந்த மனிதருக்கு இரட்டிப்புச் சம்பளம் சிறிய விடயமன்று. யூடோவின் தந்தையான கானோ ஜிகோரோ அப்போது அந்தக் கல்லூரியின் அதிபர். இருந்தும் படைநகரமாக இருந்த குமமோத்தோவோடு ஹேர்ன் ஒட்டவில்லை. மூன்றாண்டுகள் கழித்துக் கோபேயில் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்குச் சென்றார். கண் வருத்தம் காரணமாக அதுவும் நீடிக்கவில்லை.

குடியுரிமையின் விலை

மகன் பிறந்த பின்னர் ஹேர்னை ஒரு கேள்வி வாட்டியது. தாம் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைக்கும் என்னாகும்? திருமணத்தை பிரித்தானியப் பிரசையாகப் பதிவு செய்தால், செத்சுவும் பிரித்தானியப் பிரசையாகித் தம் நாட்டிலேயே அந்நியராவார். தாம் யப்பானியரானால் அந்நியருக்கான சம்பளம் பறிபோகக்கூடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, 1896இல் கொய்சுமி யாக்குமோ என்ற பெயரோடு யப்பானியக் குடிமகனானார்.

அவ்வாண்டே டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கிய விரிவுரையாளராக மாதம் நானூறு யென்னுக்கு அவரை நியமித்தது. அவருடைய விரிவுரைகளை மாணவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தனர். அந்தக் கொப்பிகளிலிருந்தே அவை பின்னர் நூல்களாயின. ஆனால் அஞ்சியது 1903இல் நடந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது என அறிவிக்கப்பட்டது. மாணவர்கள் கொதித்தெழுந்தனர். குறைந்த நேரம், குறைந்த சம்பளம் என்ற சமரசத்தை ஹேர்ன் ஏற்கவில்லை. 1904இல் வசேதாவில் கற்பிக்கத் தொடங்கி, அவ்வாண்டு செப்ரெம்பர் 26ஆம் திகதி மாரடைப்பால் காலமானார்.

அவருடைய பணியை மூவர் பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் அரச புலமைப்பரிசிலில் லண்டன் சென்று திரும்பியிருந்த நட்சுமே சொசெக்கி. அவருக்கு அங்கே வழங்கப்பட்டது ஆண்டுக்கு 1,800 யென். ஹேர்னைப் பிரிந்த மாணவர்களின் கோபத்தையும் அவரே தாங்கினார். பிற்காலத்தில் யப்பானின் பெரும் நாவலாசிரியராகப் போற்றப்பட்டு, 1984இல் வெளியான ஆயிரம் யென் தாளில் அவருடைய முகம் இடம்பெற்றது.

சொசெக்கியின் நியமனத்தில் அநீதி எதையும் நான் காணவில்லை. தன் பிள்ளைகளுக்குத் தன் மக்களே கற்பிக்க வேண்டும் என்று ஒரு நாடு விரும்புவது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஹேர்ன் அந்த நாட்டைத் தம் வீடாக்கிக்கொண்ட பின்னர், விருந்தாளிக்குரிய ஊதியத்துக்கு உரிமையற்றவரானார். பிறந்தவரோடு சேர்த்து எண்ணப்படவுமில்லை. நல்ல ஆசிரியர் என்பதற்காகத் தமக்கு நானூறு யென் தரப்படுகிறது என்று அவர் எண்ணியிருக்கலாம். அதில் பெரும்பகுதி, அவர் அந்நியர் என்பதற்காகவே தரப்பட்டது.

இன்றைய பட்டியல்

இந்த வேறுபாடு இன்றும் நீங்கிவிடவில்லை. 1987இல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கிய ஜெற் என்ற யப்பானிய அரசத் திட்டத்தில், ஒருவர் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பித்து ஐந்து ஆண்டுகள் வரையே இருக்கலாம். விரும்பும் இடத்தைக் கேட்கலாம். ஆனால் எந்த ஊர் என்பதை அவர்களே தீர்மானிப்பர். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான விசா பொதுவாக ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே உரியது. அந்த ஏழில் இலங்கை இல்லை. ஒரே பாடசாலையில் ஒரே பாடத்துக்குக் கடவுச்சீட்டைப் பார்த்து இரு வேறு சம்பளம் கொடுப்பது பல நாடுகளில் வழமையாகவே இருக்கின்றது. யப்பானில் முதன்முதலில் ஆங்கிலம் கற்பித்த "தாய்மொழிக்காரர்" என்று போற்றப்படும் மக்டொனால்டின் தாய் சினூக் பெண் என்பதை இந்த விதிகளை வகுப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் மருமகளுக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப போக வேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?" என்றாள்.

இல்லை, போ என்றே சொன்னேன். இங்கே கிடைக்கும் சம்பளத்தில் அவளுடைய வீட்டுக் கடன் அடையாது என்பதை நான் அறிவேன். ஆனால் விருந்தாளியாகப் போகின்றாயா, குடியிருக்கப் போகின்றாயா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள் என்றேன். விருந்தாளி என்றால் திரும்பும் திகதியைக் குறித்துக்கொண்டு, அதுவரை சேமிக்கக்கூடிய ஊரைத் தெரிவு செய்ய வேண்டும். குடியிருப்பதென்றால், ஐந்து ஆண்டுகளின் பின் அந்த நாட்டுச் சட்டம் உன்னை யாராக எண்ணும் என்று கேட்க வேண்டும். கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும், அருகிலிருக்கும் வகுப்பில் அதே பாடத்தைக் கற்பிப்பவருக்கு எவ்வளவு, ஒப்பந்தம் முடியுமுன் நோயுற்றால் யார் பொறுப்பு என்பவற்றை ஒப்பமிடுமுன் எழுத்தில் பெற வேண்டும். நிஷிதாவைப் போல ஒரு நண்பர் அங்கே கிடைப்பாரா என்பதை எந்த முகவராலும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஏற்கனவே கற்பிக்கும் எம்மவரிடம் விசாரிக்கலாம்.

அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. கடந்த வாரம் வந்தபோது பட்டியலில் புதிதாக ஒரு நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. அங்கிருப்பவர்களிடம் விசாரித்தது என்று அதற்குத் தலைப்பு. நான்கு நாடுகளுள் இரண்டுக்கு எதிரே மட்டும் இதுவரை எழுதியிருக்கின்றாள்.