ஊசியில் குத்திய ஈயும் ஒளிப்படத்து ஈயும்

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் ஓடைக்கரை இலையொன்றில் அமர்ந்திருக்கும் சிற்றீயைப் படம்பிடிப்பவர், நாளையும் இடத்தையும் நொடிப்பொழுதில் அதனுடன் பதிவுசெய்துவிடுகிறார். ஆனால் அதன் பெயரைக் கேட்டால் குடும்பம் அல்லது பேரினம் வரையில்தான் பெரும்பாலும் விடை கிடைக்கிறது. இதற்குப் படத்தின் தரத்தை மட்டும் குறைகூற இயலாது. ஈக்களுக்குப் பெயர் சூட்டப்பட்ட வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது.

இசைக்கலைஞராயிருந்து ஈயாய்வுக்கு வந்த என்ரிக்கோ புருனெட்டி, 'பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள்' வரிசையில் 1912, 1920, 1923 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட தொகுதிகளே இந்திய ஈயியலுக்கு அடித்தளம். அவற்றின் விளக்கங்கள் உலர்ந்த மாதிரிகளைப் பார்த்து எழுதப்பட்டவை.

அடுத்த தலைமுறையில், காரைக்கால் பகுதியின் குரும்பகரத்தோடு தொடர்புடைய பி. சூசை நாதன் என்னும் சேகரிப்பாளர் ஆனைமலையின் சின்கோனா, வாளையார் காடு முதலிய இடங்களில் பூச்சிகளைத் திரட்டி அயல்நாட்டு வல்லுநர்களுக்கு அனுப்பினார். அவற்றுள் நீண்ட கால்களையுடைய கிரேன் ஈக்கள் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் நகரில் வாழ்ந்த சார்லஸ் அலெக்சாண்டரைச் சென்றடைந்தன. வாழ்நாளில் ஏறத்தாழ 11,000 கிரேன் ஈ இனங்களை விவரித்தவர் அவர். 'நாதனி' என முடியும் பல இனப்பெயர்கள் அந்தச் சேகரிப்பாளரின் நினைவைத் தாங்கியுள்ளன. அலெக்சாண்டரின் தொகுப்போ இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது.

கிரேன் ஈயின் முதுகிலுள்ள 'வி' வடிவப் பள்ளமும் இறகு நரம்புகளும் நல்ல படத்தில் தெரியும். குடும்பத்தையும் சில வேளை பேரினத்தையும் அறிய அவை போதும். நெருங்கிய இனங்களைப் பிரிப்பதோ ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பு. அதைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் காணவேண்டும். மேலிருந்து எடுத்த படம் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் அதைக் காட்டாது.

இவ்வெல்லையை 2015இல் ஸ்டீவன் மார்ஷலும் நீல் எவன்ஹுயிஸும் கடக்க முயன்றனர். தச்சன் வண்டைப் போன்ற தோற்றமுள்ள தென்னாப்பிரிக்க ஈயொன்றுக்கு, மாதிரி ஏதுமின்றிப் படங்களை மட்டும் கொண்டு மார்லேயிமியா சைலோகோப்பே என்று பெயரிட்டனர். மறு ஆண்டு 493 வகைப்பாட்டியலாளர்கள் கையொப்பமிட்டு இம்முறையை மறுத்தனர். பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையம் 2017இல் இதனைத் தடைசெய்யவில்லை. மாதிரியைப் பாதுகாக்க இயலாமைக்கான காரணத்தை ஆசிரியர் விளக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

எனினும் உலர்ந்த மாதிரியும் முழு உண்மையைத் தருவதில்லை. உயிருள்ள குதிரை ஈயின் கண்களில் ஒளிரும் வண்ணப்பட்டைகள் இறந்தபின் மங்கிவிடும். ஈ அமரும் விதமும் நடமாட்டமும் ஊசியில் எஞ்சுவதில்லை. புருனெட்டிக்குக் கிட்டாத இச்சான்றுகளை இன்று கைப்பேசி வைத்திருக்கும் மாணவர் பெறுகிறார். அவரிடம் இல்லாதவை, ஒப்பிடவேண்டிய மூலமாதிரியும் அதை அடையும் வழியும். மலையில் எடுத்த படத்துக்கும் தொலைதூர அருங்காட்சியகப் பேழைக்கும் இடையே உள்ள தொலைவு, உரிய அனுமதியுடன் சேகரித்த மாதிரிகள் உள்ளூர்க் கல்லூரிகளில் பேணப்படும்போதுதான் குறையும். அதுவரை 'பேரினம் மட்டும்' என்று எழுதி நிறுத்துவதே நேர்மையான அடையாளம்.