வலிக்குப் பெயர் வைத்த கதை

"மேலெல்லாம் வலிக்குது" என்று வீட்டுப் பெண்கள் சொன்னால் நாம் என்ன செய்தோம்? முதல் நாள் தைலம் எடுத்துக் கொடுத்தோம். மறுநாள் வாதம் என்றோம். மூன்றாம் நாள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆகவே வலியும் இல்லை என்பது தீர்ப்பு. இன்று அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். அந்தப் பெயர் வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

பாரிஸ் மருத்துவர் வலேக்ஸ் 1841இல் நரம்பு வலிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். விரலால் அழுத்தினால் வலிக்கிற குறிப்பிட்ட இடங்கள் உடம்பில் உண்டு என்று அதில் குறித்து வைத்தார். பிறகு 1904இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ், இடுப்பு வலி பற்றிய ஒரு சொற்பொழிவில் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்ற சொல்லை உண்டாக்கினார். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி என்று பொருள். தசையை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அழற்சி அகப்படவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் எழுபது ஆண்டுகள் நின்றது. தவறான தலைப்பில் திறந்த கோப்பு என்ன ஆகும் என்று அலுவலகத்தில் காலம் தள்ளிய நமக்குத் தெரியும். மேசை மேசையாகச் சுற்றும், உத்தரவு மட்டும் வராது.

1975இல் கனடாவின் டொரோண்டோவில் மோல்டோஃப்ஸ்கி என்பவர் தூக்கத்தைப் பார்த்தார். இந்த நோயாளிகளின் ஆழ்ந்த தூக்கம் அடிக்கடி கலைந்துகொண்டிருந்தது. நல்ல ஆரோக்கியமானவர்களைத் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சில இரவுகள் கலைத்தார். அவர்களுக்கும் உடம்பு வலி வந்தது! எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய விஷயம் இதுதான். வலி பொய்யில்லை, அதை எக்ஸ்ரேயில் தேடியதுதான் வீண் என்று காட்டிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1976இல், ஃபிலிப் ஹென்ச் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று எழுதினார். நார், தசை, வலி என்ற மூன்று சொற்களின் கூட்டு அது, அழற்சி போய்விட்டது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் விதி வகுத்தது: மூன்று மாதமாவது உடம்பெங்கும் வலி, அதோடு 18 இடங்களில் 11 இடமாவது தொட்டால் வலிக்க வேண்டும். 2010இல் அந்த எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, களைப்பு, தூக்கம், மறதி எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கினார்கள்.

அதே 1976இல்தான் சென்னையில் தேசிகாச்சார், தம் தந்தையின் பெயரில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான். ஆனால் ஆளுக்கு ஏற்ற ஆசனம், ஆசனத்துக்கு ஏற்ற ஆள் அல்ல என்ற அவர்கள் முறைதான் இந்த நோய்க்குப் பொருந்துவது.

2010இல் அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்த நோயுள்ள 53 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் மென்மையான ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம்; மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யோகம் செய்தவர்களுக்கு வலியும் களைப்பும் குறைந்தன. 53 பேர் என்பது சிறிய கணக்கு. பிறகு ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்களும் உடற்பயிற்சியைத்தான் அழுத்திச் சொன்னார்கள். யோகத்தைச் சற்றுத் தயங்கித்தான் சேர்த்தார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. யோகம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

என் மனைவிக்கு இந்த நோய் என்று தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் சேர்ந்த வகுப்பில் எல்லோரோடும் குனிந்து காலைத் தொடச் சொன்னார்கள். அவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இப்போதைய ஆசிரியை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தொடங்கினார். கையை மூச்சோடு தூக்குவது, மூச்சோடு இறக்குவது, அவ்வளவே ஒரு மாதம். வலிக்குமுன் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஒரே கட்டளை. மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் அவள் விடவில்லை. இப்போது காலையில் இருபது நிமிடம் செய்கிறாள். இரவில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. ஐப்பசி மழையில் வலி திரும்ப வருகிறது; அன்றைக்கு ஆசனம் கிடையாது, மூச்சுப் பயிற்சி மட்டும்தான். காபி நான் போடுகிறேன்.