செண்டுப்பூவும் பரங்கிக்காயும்: பெங்களூருவின் கல்லறைத் திருநாளும் இரு சொற்களின் வரலாறும்

அக்டோபர் இறுதி வாரத்தில் பெங்களூருவில் இருவகை அலங்காரங்கள் அருகருகே தோன்றுகின்றன. வணிக வளாகங்களிலும் அடுக்ககங்களிலும் ஹாலோவீனுக்காகக் காகித எலும்புக்கூடுகளும் நெகிழிப் பரங்கிக்காய்களும் தொங்குகின்றன. சிவாஜிநகர், அல்சூர் பகுதிகளின் தமிழ்க் கிறித்தவ வீடுகளிலோ, நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்காகச் செண்டுப்பூவும் சாமந்தியும் கூடை கூடையாக வந்து இறங்குகின்றன. முன்னதை ‘இறக்குமதிப் பண்பாடு’ என்று சாடும் குரல் ஆண்டுதோறும் எழுகிறது. பின்னது ‘நம் ஊர் வழக்கம்’ என்று இயல்பாக ஏற்கப்படுகிறது. இந்தப் பாகுபாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இவ்விரு அலங்காரங்களின் பெயர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

நாட்காட்டியில் இரண்டும் ஒரே விழாத் தொடரைச் சேர்ந்தவை. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருநாள். அதன் முன்மாலையே ஹாலோவீன். ‘ஹாலோ’ என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறித்த சொல், ‘ஈன்’ என்பது மாலை என்னும் சொல்லின் குறுக்கம். இறந்தோர் அனைவருக்குமான மன்றாட்டு நாளை நவம்பர் 2இல் நிறுவியவர், கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த பிரெஞ்சு நாட்டுக் க்ளூனி மடத்தலைவர் ஓடிலோ. அயர்லாந்தின் பழைய அறுவடை இறுதி விழாவான சௌவினின் சாயல் முன்மாலையில் படிந்தது. கல்லறைக்குச் செல்லும் வழக்கம் மூன்றாம் நாளில் நிலைத்தது.

அந்த மூன்றாம் நாள் பெங்களூருவில் வேரூன்றியதற்குப் படைமுகாம் ஒரு முதன்மைக் காரணம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்குத் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை, 1809இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அதனோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்ச் சிப்பாய்களும் சமையற்காரர்களும் வண்டிக்காரர்களும் வணிகர்களும் வந்து குடியேறினர். 1949 வரை கண்டோன்மெண்ட் தனி நிர்வாகத்தில் இருந்தது. சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தில் இன்றும் கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் வழிபாடு நடைபெறுகிறது. கல்பள்ளி, ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டங்களில் தமிழ் எழுத்துப் பொறித்த கல்லறைகள் ஏராளம்.

கல்லறை அலங்காரம் பெரும்பாலும் வீட்டில் உருவாவது. முதல்நாள் மாலை, செண்டுப்பூக்களைக் காம்பு நீக்கி இதழ் இதழாக உதிர்த்து முறத்தில் குவிக்கிறார்கள். முழுப்பூக்களை நாரில் நெருக்கமாகக் கட்டுகிறார்கள். மறுநாள் சுண்ணாம்பு பூசிய கல்லறை மேட்டின்மீது முதலில் மஞ்சள் இதழ்களைப் பரப்பி, அதன்மேல் வெள்ளைச் சாமந்தியால் சிலுவை வரைந்து, ஓரங்களில் செம்மஞ்சள் செண்டுப்பூக்களை வரிசையாக வைத்து, மெழுகுத்திரி ஏற்றுகிறார்கள். விலை குறைவு, இதழ் மிகுதி, எளிதில் வாடாமை ஆகிய மூன்றும் சேர்ந்து செண்டுப்பூவை இப்பணிக்கு உரிய பூவாக்கின.

இப்பூவின் தாயகம் மெக்சிகோ. அங்கும் அது இறந்தோரின் பூ. நவம்பர் 1, 2ஆம் நாள்களில், இறந்தவர் வீடு திரும்பும் வழியைக் காட்டுவதற்காக அதன் இதழ்களை மெக்சிகோ மக்கள் தரையில் தூவுகிறார்கள். அந்த விழா 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாவாட்டில் மொழியில் பூவின் பெயர் ‘செம்போவால்ஷோச்சிட்ல்’. ‘ஷோச்சிட்ல்’ பூ, ‘செம்போவால்லி’ இருபது. இருபதை அடிப்படையாகக் கொண்ட அம்மொழியின் எண்முறையில் அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘ஒரு முழு எண்ணிக்கை’. இதழ் மிகுந்த பூ என்பது கருத்து.

கடல் கடந்தபின் பெயர்கள் தடுமாறின. ஐரோப்பியர் இதன் ஓர் இனத்தை ‘ஆப்பிரிக்க மேரிகோல்டு’ என்றும் மற்றொன்றைப் ‘பிரெஞ்சு மேரிகோல்டு’ என்றும் அழைத்தனர். இரண்டும் அமெரிக்கக் கண்டத்தவை. ‘மேரிகோல்டு’ என்பதும் முதலில் காலெண்டுலா என்னும் வேறொரு பூவுக்கு உரிய பெயர். தமிழில் வழங்கும் ‘துலுக்கச் சாமந்தி’யும் இத்தகையதே: பூ வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு சரி, திசை தவறு. ‘செண்டுப்பூ’ என்னும் பெயரிலோ அந்த நினைவே இல்லை. செண்டு என்பது பந்தையும் பூங்கொத்தையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கன்னடத்தின் ‘செண்டு ஹூவு’ம் பந்துப்பூதான். இந்தியின் ‘கேந்தா’வும் பந்தைக் குறிக்கும் ‘கேந்த்’ என்பதோடு உறவுடையது. வடிவத்தால் பெயரிடப்பட்டதால் வந்தேறிப் பூ சில நூற்றாண்டுகளில் உள்ளூர்ப் பூவாயிற்று. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களுள் இதற்கு இடம் இருந்திருக்க முடியாது என்பதே இன்று பலருக்கு வியப்பளிக்கும்.

பரங்கிக்காயின் கதை இதற்கு மறுதலை. அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் கொடி. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் குடியேறியபின் அங்கே மலிந்திருந்த பரங்கிக்காய்க்கு மாறினார்கள். தமிழகத்துக்கு அது ஐரோப்பியர் வழி வந்தது. ‘பரங்கி’ என்ற அடைமொழி அந்த வரவைப் பதிவு செய்துகொண்டது. சாம்பாரிலும் பொங்கல் கூட்டிலும் நெடுங்காலமாக இடம்பெற்றும் பெயரளவில் அது இன்னும் அயலானே. ஆக, ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டு செடிகளில் ஒன்றின் பிறப்பைத் தமிழ் மறந்தது, மற்றொன்றின் பிறப்பைப் பெயரிலேயே பொறித்து வைத்தது.

பூ புதியது, இறந்தோருக்குப் பூச்சூட்டும் வழக்கம் மிகப் பழையது. நடுகல்லுக்கு மாலையும் மயிற்பீலியும் சூட்டியதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. பெங்களூரு மண்ணிலும் ஹெப்பாளத்தில் ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்த கிட்டய்யனின் வீரக்கல் கிடைத்துள்ளது. பேகூரில் ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த வீரக்கல் ‘பெங்களூரு’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. இந்நகரின் பெயருக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று, போரில் இறந்தவர் நினைவாக நட்ட கல்லில் இருக்கிறது.

பிறந்த இடத்தைக் கொண்டு அளந்தால், கல்லறைமீதுள்ள செண்டுப்பூவும் வாசலில் தொங்கும் பரங்கிக்காயும் ஒரே தொலைவிலிருந்து வந்தவை. ஒன்றை உரிமையாக்கியது இருநூறாண்டுக் காலமாகத் தம் இறந்தோரைத் தேடிச் சென்ற மனிதர்களின் கைப்பழக்கம். நெகிழிப் பரங்கிக்காய்க்கு அத்தகைய வாழ்வு வாய்க்குமா என்பதை, அது யாருடைய நினைவுக்காகத் தொங்கவிடப்படுகிறது என்பதே முடிவு செய்யும்.