இணையச் சுதந்திரக் கருவிகளும் அரசு நிதியும்

இணையத் தணிக்கையைக் கடக்கவும் பிறர் கண்காணிப்பில் சிக்காமல் பேசவும் உதவும் மென்பொருள்கள் இணையச் சுதந்திரக் கருவிகள் எனப்படுகின்றன. டோர், சைஃபன், சிக்னல், பிரையர் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. பயன்படுத்துவோருக்கு இவை இலவசம். உருவாக்கும் செலவில் கணிசமான பங்கை அமெரிக்க அரசு ஏற்றிருக்கிறது.

டோரின் அடிப்படை நுட்பம் 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவானது. கடற்படையினர் மட்டுமே அதைப் பயன்படுத்தினால், பயன்படுத்துபவர் யாரென்று உடனே தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டதில் வெறும் தாராள மனம் மட்டும் இல்லை.

2012இல் தொடங்கிய திறந்த தொழில்நுட்ப நிதியம் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் இயங்குகிறது. சிக்னலின் தொடக்ககால வளர்ச்சிக்கு இது உதவியது. 2020இல் அந்தப் பணத்தை நிதியத்துக்கு வழங்கும் அமெரிக்க உலக ஊடக முகமைக்குப் புதிதாக வந்த தலைவர் மைக்கேல் பேக், நிதியத்தின் நிர்வாகத்தையே மாற்ற முனைந்தார், நீதிமன்றம் குறுக்கிட்டது. 2025 மார்ச்சில் நிதியத்தின் மானியமே ரத்தானது. வழக்குத் தொடுத்தபின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மென்பொருள் நிரலில் யாரும் கைவைக்கவில்லை. கைவைத்தது சம்பளப் பட்டியலில்.

இந்தியாவில் சிக்கல் வேறு வடிவில் வரும். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22, 23 நாள்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். 23ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை நிறுத்த மாநில உள்துறைச் செயலர் உத்தரவிட்டார். விருதுநகர் மாவட்டம் அதில் இல்லை. தீப்பெட்டித் தொழிலால் பிணைந்த இரு ஊர்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி உத்தரவுக்கு உள்ளே, விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் வெளியே. இணைப்பே அறுந்த இடத்தில் டோரும் சைஃபனும் பயனற்றவை.

அதே மாதம் முதல் முழுப் பதிப்பைக் கண்ட பிரையர், இணையமில்லாமல் புளூடூத்தில் அருகிலிருக்கும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். எட்டும் தூரம் சில மீட்டர்தான். செய்தி ஊர்விட்டு ஊர் போக ஆட்கள் கைமாற்ற வேண்டும். அமெரிக்க நிதியத்தின் பணம் பெற்ற இச்செயலியை இந்திய அரசு 2023 மே மாதம் வேறு 13 செயலிகளோடு தடைசெய்தது. ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தடை சாத்தூருக்கும் சேர்த்துத்தான்.

இணைப்பிலும் இதே கதைதான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் இழுக்கும் டான்ஃபிநெட், அரசு நிறுவனம். அதன் வடத்தில் வரும் இணையத்துக்குப் பணம் போடுவதும், தேவையென்று கருதினால் நிறுத்த உத்தரவிடுவதும் அரசே.