நாரும் அலையும்

நானூறு தடவை விழுந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சரி, நாற்பது.

சனி, ஞாயிறு இரண்டு நாள் லீவு. சென்னையை ஒட்டிய கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்வதாக ஏற்பாடு. அதாவது ஸர்ஃபிங். நாற்பது வயதுக்கு மேல், பி.காம். படித்த ஒருவன் செய்யக்கூடிய காரியமா இது என்று கேட்காதீர்கள். மனைவி ஏற்கெனவே கேட்டாயிற்று. அவள் பாட்டுக்குக் கரையில் குடைக்கடியில் உட்கார்ந்து பருத்திக் கயிற்றில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மக்ரமே என்று பெயராம். பூந்தொட்டியைத் தொங்கவிடும் சமாசாரம். பாட்டி வீட்டில் தயிர்ப்பானை தொங்கிய அதே உறிதான். பெயர் மட்டும் ஃபாரின்.

சொல்லிக்கொடுத்தது மீனவக் குடும்பத்துப் பையன். "அலையைப் பாக்காதீங்க சார், கரையைப் பாருங்க" என்பான். கரையைப் பார்ப்பேன். அடுத்த விநாடி கடலின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் சுலபமானதுதான். ஓர் அலை, கிட்டத்தட்ட தன் உயரத்தின் ஒன்றே கால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் கால் இடறியதுபோலக் கவிழும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நீங்கள் பலகையில் குப்புறப்படுத்து, அலையின் வேகத்துக்குக் கையால் துழாவவேண்டும். அலை உங்களைத் தூக்கிக்கொள்ளும்போது எழுந்து நிற்கவேண்டும். அவ்வளவுதான். அந்த 'எழுந்து'க்கும் 'நிற்க'வுக்கும் நடுவேதான் நான் நாற்பது தடவை காணாமல் போனேன்.

அப்படி ஒருமுறை மூக்கில் உப்புத்தண்ணீரோடு எழுந்தபோதுதான், இதை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது.

கூடங்குளம். தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை. அங்கே சித்தப்பா வீடு. அணு உலைக்காக 1988-லேயே சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்த கூடங்குளம் என்றால் பனையும் செம்மண்ணும் காற்றும். மீன் வாங்கச் சித்தப்பா சைக்கிளில் இடிந்தகரைக்குக் கூட்டிப்போவார், சில கிலோமீட்டர்தான். (2012 செப்டம்பரில் உலையை எதிர்த்து ஊரே கடலுக்குள் இறங்கி நின்றதே, டிவியில் பார்த்திருப்பீர்கள், அதே இடிந்தகரை.) அங்கே கட்டுமரங்கள் கரையேறுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் கட்டுமரம் என்றுகூடச் சொல்வதில்லை. வெறும் 'மரம்'.

மரம் அலைகளுக்கு அப்பால் காத்து நிற்கும். ஒன்று, இரண்டு என்று அலைகளைப் போகவிடுவார்கள். பிறகு ஏதோ ஓர் அலையைத் தேர்ந்தெடுத்து, துடுப்பை வெறி பிடித்தாற்போலப் போடுவார்கள். அலை மரத்தைத் தூக்கும். அதன் முதுகில் ஏறிச் சறுக்கிக்கொண்டு நேரே மணலுக்கு! சில நேரம் பின்னால் இருப்பவர் எழுந்தே நிற்பார். லைஃப் ஜாக்கெட் கிடையாது. கைதட்டல் கிடையாது. மரத்தின் மேல் அன்றைய மீன்.

அதற்குத்தான் இப்போது மணிக்கணக்குக்கு ஃபீஸ் கட்டி விழுந்துகொண்டிருக்கிறேன்.

கட்டுமரத்தை ஒரு படகு என்று சொல்வதே தப்பு. படகுக்கு உள் என்று ஓர் இடம் உண்டு. தண்ணீர் புகுந்தால் மூழ்கும். மரத்துக்கு உள்ளே கிடையாது. எடை குறைந்த சில தடிகள், அவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் கயிறு, முடிந்தது. மேலே விழும் அலை இடுக்குகள் வழியாகக் கீழே போய்விடும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். சூட்சுமம் முழுக்கக் கயிற்றில்தான் இருக்கிறது. தேங்காய் மட்டையை (எங்கள் பக்கம் கதம்பை) மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, நாற்றம் ஊரைத் தூக்கியதும் எடுத்து அடித்து, நார் பிரித்துத் திரித்த கயிறு. உப்புத்தண்ணீரில் லேசில் இற்றுப்போகாது. அலை முறுக்கும்போது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி கொடுக்காது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

சோழமண்டலக் கடற்கரையில் இதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர் (பாதி மாலுமி, பாதி கடற்கொள்ளையர்), 1697-ல் வெளியான தன் பயண நூலில் 'கேட்டமரான்' என்று எழுதிவைத்தார். தமிழ் வார்த்தை இங்கிலீஷுக்குப் போயிற்று. 1876-ல் நதேனியல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட ஒரு பாய்ப்படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளைத் திணறடித்தார். அந்த ஜாதிப் படகுக்கும் கேட்டமரான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் மரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிரப் பெரிய உறவு கிடையாது.

மெட்ராஸ் கதை இன்னும் ருசியானது. அங்கே துறைமுகம் கட்ட அடிக்கல் நாட்டியதே 1875-ல்தான். அதுவரை கப்பல்கள் அலைகளுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆள்களும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வரவேண்டும். அதுவும் ஆணியில்லாமல் தேங்காய் நாரால் தைத்த படகு! துணைக்குக் கட்டுமரங்கள் கூடவே வரும், விழுந்த துரைமார்களைப் பொறுக்கியெடுக்க. கப்பலுக்குத் தபால் கொண்டுபோனதும் கட்டுமரக்காரர்கள்தான். மரியா கிரஹாம் என்ற பெண்மணி 1812-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர்களுடைய கூம்புத் தொப்பியைப் பற்றி எழுதியிருக்கிறார். பாய் போல முடைந்தது. கடிதங்கள் அதற்குள் பத்திரமாக இருக்கும். ஆள் முழுகி எழுந்தாலும் கடிதம் நனையாது. அந்தத் தொப்பியை முடைந்த கை யாருடையது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இதே காலத்தில் பசிபிக்கில் என்ன நடந்தது? 1769-ல் தாஹிதித் தீவில், பழைய ஓடத்தின் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் அலையில் விளையாடுவதைக் கேப்டன் குக்கோடு போன ஜோசப் பேங்க்ஸ் பார்த்தார். 1779-ல் ஹவாயில் ஜேம்ஸ் கிங் பார்த்து விரிவாக எழுதினார். ஹவாயில் அரச குடும்பத்தார் உள்பட எல்லோரும் விளையாடினார்கள். அவர்களுடைய பெரிய பலகைகளுக்குப் பிடித்த மரம் வில்லிவில்லி. நம் கல்யாண முருங்கையின் சொந்தக்காரன்! மிஷனரிகள் வந்து முகம் சுளிக்க, விளையாட்டு நலிந்தது. 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கிய ட்யூக் கஹனமோகு என்ற ஹவாய்க்காரர்தான் அதை ஆஸ்திரேலியா வரை கொண்டுபோய்ப் பரப்பினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-ல் நடந்தது) அது பதக்கத்துக்குரிய போட்டியே ஆகிவிட்டது.

அங்கே விளையாட்டு, வரலாறு ஆனது. இங்கே பிழைப்பு, அதனால் யாரும் அதை விளையாட்டாகப் பார்க்கவில்லை.

மனைவியின் முடிச்சுக்கும் இதே கதைதான். மக்ரமேயை ஊர் ஊராகப் பரப்பியதில் மாலுமிகளுக்குப் பெரிய பங்குண்டு. மாதக்கணக்கில் காற்றுக்குக் காத்திருந்தவர்கள், கையிலிருந்த கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பை, தொங்கல் என்று பின்னித் துறைமுகங்களில் விற்றார்கள். ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், இரண்டு நாள் லீவில், கடல்காரர்களின் இரண்டு கைத்தொழிலைப் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருக்கிறோம்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது, அதுவும் கூடங்குளத்துக்கு அக்கம்பக்கத்தில். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரியின் மனைவி 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கு அது மாலை நேரத்துப் பொழுதுபோக்கு. திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். லேஸ் பின்னிய காசில் சில பெண்கள் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். நூலில் முடிச்சுப் போட்டுச் சுதந்திரம்! மார்த்தாவின் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் அதைத் தொடங்கினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அவரை எல்லோருக்கும் தெரியும். லேஸைத் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, மரங்கள் என்ன ஆயின? ஃபைபர் வந்தது. எண்பதுகளிலேயே மெல்ல மெல்ல வர ஆரம்பித்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. இன்ஜின் வைத்தால் தூரம் போகலாம், சீக்கிரம் திரும்பலாம், தோள் வலிக்காது. குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை? ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கட்டுமரத்துக்காகக் கண்ணீர் விடுவது ரொம்பச் சுலபம். அந்த வாழ்க்கையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சாவு என்று தெரிய வேண்டுமென்றால் உவரிக்காரரான ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலைப் படியுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நான் விழுந்துகொண்டிருந்த பலகையும் ஃபைபர்தான். ஃபைபர் என்றாலும் நார்தானே! தேங்காய் நாரில் ஏறி நின்றவர்களின் பேரன்கள் கண்ணாடி நாரில் ஏறி நிற்கிறார்கள். இந்தக் கோவளத்திலேயே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகவே இதைப் பழகி, 2012-ல் ஒரு பயிற்சிப் பள்ளி உருவாகக் காரணமாக இருந்தார். 2025-ல் ஆசிய சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம்.

ஞாயிறு மாலை ஒரே ஒரு தடவை நின்றேன். மூன்று விநாடி இருக்கும். பையன் கை தட்டினான். அவனுடைய தாத்தா மரத்தில் போனவராம். "நான் மரத்துல கால் வெச்சதே இல்ல சார். உங்க ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கெடக்குடே, இடிந்தகரையில ரெண்டு தடி. பெருசுங்க உக்காந்து பேசிட்டு இருக்கும்" என்றார். "கயிறுதான் எப்பமோ மக்கிப் போச்சு."