போட்டாச்சே!

எங்க சித்தப்பா நிலத்துல போர் போட்டப்ப நானும் கூட நின்னிருந்தேன். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில தேங்காயை வெச்சு நடந்து பார்த்துட்டு, 350 அடியில தண்ணி நிச்சயம்னு சொல்லியிருந்தார். 350 தாண்டியாச்சு, 400 தாண்டியாச்சு, வெறும் கல்மாவுதான் புகையா வருது. லாரிக்காரர் வந்து, "இன்னும் அம்பது அடி பார்க்கலாமாண்ணே?"ன்னார். ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். ஆனா சித்தப்பா யோசிச்சது அந்த அடுத்த அம்பது அடியைப் பத்தி இல்லை. "இவ்வளவு போட்டாச்சேப்பா"ன்னார். நகையை அடகு வெச்சு வாங்கின காசு.

இந்த "போட்டாச்சே" இருக்கே, இது ரெண்டு பெரிய அரசாங்கங்களையே பதிமூணு வருஷம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. கான்கார்ட் விமானத்தோட கதையைத்தான் சொல்றேன்.

1962 நவம்பர் 29 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டன. ஒலியைவிட இருமடங்கு வேகத்துல பறக்கிற பயணிகள் விமானத்தை ரெண்டு பேரும் சேர்ந்து தயாரிக்கணும், செலவு பாதிப் பாதி. அன்னைக்குப் போட்ட மதிப்பீடு மொத்தம் 15 முதல் 17 கோடி பவுண்டு. வரவுப் பக்கத்துல என்ன எழுதினாங்கன்னா, நூத்துக்கணக்குல விமானம் விற்கும், அமெரிக்காவை முந்திடலாம், அதோட பிரிட்டனுக்கு ஐரோப்பியப் பொதுச் சந்தையில இடம் கிடைக்க பிரான்சோட நட்பு உதவும். இந்தக் கடைசி வரவு ரெண்டு மாசம்கூடத் தாங்கலை. 1963 ஜனவரியில பிரெஞ்சு அதிபர் டிகால், பிரிட்டனைச் சேர்க்க முடியாதுன்னு கதவைச் சாத்திட்டார்!

அதைவிட முக்கியமான விஷயம், அந்த ஒப்பந்தத்துல ஒரு தரப்பு மட்டும் விலகிக்க வழியே வைக்கலை. பிரான்ஸ் பாதியில கழண்டுக்குமோங்கிற பயத்துல, வேண்டாம்னு வலியுறுத்தினதே பிரிட்டன் தரப்புதான்னு சொல்வாங்க. 1964 அக்டோபர்ல ஹரால்ட் வில்சன் தலைமையில தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. கஜானா காலி. கான்கார்டை நிறுத்திடலாம்னு பார்த்தாங்க. சட்ட நிபுணர்கள் தலையில கை வெச்சாங்க. நிறுத்தினா பிரான்ஸ் ஹேக் நகரத்துல இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம், கோடிக்கணக்குல நஷ்டஈடு கேட்கலாம். அடுத்தவனுக்கு வெச்ச பூட்டுக்குள்ள தானே மாட்டிக்கிட்ட கதை. 1965 ஜனவரியில, சரி தொடர்வோம்னு முடிவாச்சு.

பொறியாளர்கள் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. 1969 மார்ச் 2 அன்று தூலூஸ் நகரத்துல கான்கார்ட் முதல்முறையா பறந்தது. லண்டன்-நியூயார்க் பயணத்தை மூணரை மணி நேரத்துக்குச் சுருக்கின அதிசயம் அது. ஆனா அதுக்கு மூணு வாரம் முன்னாடி, பிப்ரவரி 9 அன்று, இன்னொரு விமானம் பறந்திருந்தது. அது போயிங் 747. கான்கார்டுல சுமார் 100 பேர் போகலாம், 747-ல 350 பேருக்கு மேல. வேகமா போறதா, மலிவா போறதான்னு கேட்டா உலகம் எதைத் தேர்ந்தெடுக்கும்னு தனியா சொல்லணுமா?

கான்கார்ட் ஒலி வேகத்தைத் தாண்டறப்ப எழும் வெடிச் சத்தம் இன்னொரு தலைவலி. 1973-ல அமெரிக்கா தன் நிலப்பரப்புக்கு மேல பயணிகள் விமானங்கள் அந்த வேகத்துல பறக்கத் தடை போட்டது. அதே வருஷம் ஜனவரி கடைசியில பான் ஆம், டிடபிள்யூஏ ரெண்டு நிறுவனங்களும் வேண்டாம்னு பின்வாங்கின. அக்டோபர்ல எண்ணெய் நெருக்கடி வேற வந்துடுச்சு. ஒரு காலத்துல 16 நிறுவனங்கள் 74 விமானங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருந்தன. கடைசியில கட்டினது மொத்தம் 20, சேவைக்கு வந்தது 14. ஏழு பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு, ஏழு ஏர் பிரான்ஸுக்கு. செலவு 100 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழிச்சுப் பார்த்தாலும் முதல் மதிப்பீடு எங்கேயோ போயிடுச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நிறுத்தினவங்க கதையையும் பார்க்கணும். அமெரிக்காவுலயும் இதே மாதிரி ஒரு திட்டம் இருந்தது. 1963-ல கென்னடி அறிவிச்சது, போயிங் செஞ்சுக்கிட்டிருந்தது. பெரும் பணம் செலவான பிறகு, 1971 மார்ச்ல நாடாளுமன்றம் நிதியை வெட்டிடுச்சு. முதல் மாதிரி விமானம்கூட முடியலை. வேலை ஏற்கெனவே குறைஞ்சுக்கிட்டிருந்த சியாட்டில் நகரத்துக்கு அது இன்னொரு அடி. ஊரைவிட்டுக் கடைசியா போறவர் விளக்கை அணைச்சுட்டுப் போங்கன்னு விளம்பரப் பலகையே வெச்சாங்க. அதனால நிறுத்தறது இலவசம்னு யாரும் நினைக்க வேண்டாம். ஆனா போயிங் கையில 747 இருந்தது. பயணிகள் எல்லாம் அதிவேக விமானத்துக்குப் போயிடுவாங்க, 747 சரக்கு ஏத்தத்தான் உதவும்னு நினைச்சு, மூக்கு வழியா சரக்கு ஏத்த வசதியா விமானி அறையை மேல தூக்கி வெச்சு வடிவமைச்சிருந்தாங்க. அந்த "சரக்கு வண்டி"தான் கம்பெனியைக் காப்பாத்துச்சு :-)

போட்ட காசுக்காக மேல மேல காசு போடற பழக்கத்துக்கு "கான்கார்ட் பிழை"ன்னே பேர் வந்துடுச்சு. 1980-ல ரிச்சர்ட் டாக்கின்ஸும் ஜேன் பிராக்மனும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. குழி தோண்டற குளவிகள் கான்கார்ட் பிழையைச் செய்யுதாங்கறதுதான் தலைப்பே! குளவி குழி தோண்டி, குஞ்சுக்குச் சாப்பாடா வெட்டுக்கிளிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். சில சமயம் ஒரே குழியை ரெண்டு குளவி பயன்படுத்தும். நேருக்கு நேர் சந்திச்சா சண்டை. குழியில மொத்தம் எத்தனை வெட்டுக்கிளி இருக்குன்னு பார்த்துச் சண்டை போடறதுதானே புத்திசாலித்தனம்? அப்படி இல்லையாம். தான் கொண்டுவந்தது எத்தனையோ, அதுக்குத் தகுந்த நேரம்தான் சண்டை போடுதாம். எங்க சித்தப்பா ஞாபகம் வந்தது.

இத்தோட முடிச்சா, "போட்ட காசை மற, நிறுத்து"ன்னு ஒரு பாடமா தோணும். கான்கார்ட் கதையோட கடைசிப் பகுதி அதுக்கு நேர் எதிர். 1984-ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1.65 கோடி பவுண்டு கொடுத்து, உதிரி பாகங்களையும் லாபத்துல அரசாங்கத்துக்கு இருந்த பங்கையும் வாங்கிடுச்சு. விமானம் கட்டின செலவு போனது போனதுதான், அது இவங்க கணக்குலயே வராது. இனிமே எரிபொருள், பராமரிப்பு, டிக்கெட் வசூல், இது மூணு மட்டும்தான். பயணிகள்கிட்ட டிக்கெட் எவ்வளவு இருக்கும்னு கேட்டாங்களாம். உண்மை விலையைவிட அதிகமா சொன்னாங்களாம். விலையை ஏத்தினாங்க, லாபமும் வந்தது. 2000 ஜூலை 25 பாரிஸ் விபத்துல 113 பேர் இறந்து, 2003-ல சேவை நிற்கிற வரைக்கும் ஓட்டினாங்க.

ஆக, கட்டினது தப்பா இருக்கலாம், கட்டி முடிச்சதை ஓட்டினது சரி. பழைய செலவைக் கணக்குல இருந்து தள்ளிட்டுப் பார்த்தா சில சமயம் "நிறுத்து"ன்னு விடை வரும், சில சமயம் "தொடரு"ன்னு வரும். கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இன்னைக்கு இருந்து இனிமே ஆகப்போற செலவு எவ்வளவு, வரப்போற பலன் எவ்வளவு? அதோட, ஆரம்பிக்கிற அன்னைக்கே வெளியே வர ஒரு வழியையும் எழுதி வெச்சுக்கணும். 1962-ல அந்த ஒரு வரி இருந்திருந்தா, 1964-ல வில்சனால தாராளமா யோசிச்சிருக்க முடியும்.

சித்தப்பா 820 அடி வரைக்கும் போனார். தண்ணி வரலை. குழிக்கு மூடி போட்டு அடைச்சாச்சு. நகை திரும்ப நாலு வருஷம் ஆச்சு. அடுத்த அம்பது அடியில தண்ணி வந்திருக்கவும் கூடும், அது யாருக்குத் தெரியும்? வந்திருந்தாலும் அவர் போட்ட கணக்கு தப்புதான். "350-ல வரலைன்னா எத்தனை அடியோட நிறுத்தணும்?"னு லாரி வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி நாங்க யாருமே அவரைக் கேட்கலை. நானும்தான்.